சிவப்புப் பாறைகளுக்கு நடுவே 11 நாள்: சிங்கப்பூரிலிருந்து முதல் தடவை காரோட்டிப் போகிறவர்களுக்கு

தீவு விரைவுச்சாலையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட்டினாலும் 43 கிலோமீட்டர் தேறாது. அதற்குள் இரண்டு மூன்று இடத்தில் நெரிசலில் நின்றிருப்போம். இப்படிப் பழகிய நாம், ஒரு பெட்ரோல் நிலையத்தை விட்டால் அடுத்தது 200 கிலோமீட்டர் தள்ளி என்கிற ஊருக்குக் காரோட்டப் போகிறோம். அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்கள் சேருமிடத்தில் இருக்கும் அந்தப் பாலைநிலத்தைத்தான் சொல்கிறேன். பாலை என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். இது பாறை. ஆறு அறுத்த பாறை, பனி உடைத்த பாறை, காற்று தேய்த்த பாறை.

இரண்டு தடவை போயிருக்கிறேன். 2019இல் போனபோது ஒன்பது நாளில் பதினோரு இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடினோம். ஊர் திரும்பியதும் மகனிடம் எது பிடித்தது என்று கேட்டேன். முன் இருக்கையின் முதுகு என்றான். 2024 ஜூனில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். இடங்களைப் பாதியாகக் குறைத்து, நாட்களைக் கூட்டினோம். கீழே இருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் வழி.

முதலில், எதை விடுவது

வரைபடத்தைத் திறந்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நம்பாதீர்கள். லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு வட்டம் போதும்: ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காக்கள், மான்யுமென்ட் வேலி, பேஜ் என்னும் சிற்றூர், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. மொத்தம் சுமார் 1,850 கிலோமீட்டர். இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஐந்து தடவைக்குமேல் ஓட்டுகிற தூரம்.

மோவாப் ஊரும் அதையொட்டிய ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களும் இதில் இல்லை. அழகில் குறையில்லை, அவற்றுக்கு மட்டுமே மூன்று நாள் வேண்டும். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

இரவுத் தங்கலை இப்படிப் பிரிக்கலாம்: லாஸ் வேகஸில் ஒன்று, ஸயானை ஒட்டிய ஸ்பிரிங்டேலில் இரண்டு, பிரைஸில் ஒன்று, கேப்பிடல் ரீஃபை ஒட்டிய டோரியில் ஒன்று, மான்யுமென்ட் வேலியில் ஒன்று, பேஜில் இரண்டு, கிராண்ட் கேன்யனில் இரண்டு, திரும்ப லாஸ் வேகஸில் ஒன்று. ஒரு நாளைத் தவிர மற்ற எந்த நாளும் ஐந்து மணி நேரத்துக்குமேல் கார் ஓடாது. மிக நீளமான அந்த ஒரு நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இடத்தைத் தேர்ந்துவிட்டால் அடுத்தது நேரம். இந்த ஊரில் காலை ஏழு மணிக்குப் பார்க்கும் பாறையும் பகல் பன்னிரண்டுக்குப் பார்க்கும் பாறையும் ஒன்றல்ல. உச்சி வெயிலில் எல்லாம் வெளிறிப்போய்ச் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி நிற்கும். சூரியன் சாய்ந்தால் அதே சுவர் உள்ளிருந்து எரியும். அதனால் காலையும் மாலையும் நடப்பதற்கு, நண்பகல் கார் ஓட்டுவதற்கு. நாள் திட்டம் போடும்போது இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்போது போவது

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இதுதான் சரியான பருவம். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜூன் அல்லது நவம்பர்-டிசம்பர்தானே கிடைக்கும்? மார்ச், செப்டம்பர் விடுமுறை ஒரு வாரம்தான், போய்வருவதிலேயே முடிந்துவிடும்.

ஜூன் என்றால் விடுமுறையின் முதல் பாதியில் போய்விடுங்கள். ஸயானிலும் பேஜிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ஆனாலும் இடிமழைப் பருவம் தொடங்கியிருக்காது. அது பெரும்பாலும் ஜூலையில் ஆரம்பித்து செப்டம்பர் வரை போகும். டிசம்பர் என்றால் கூட்டமில்லை, பிரைஸில் சிவப்புப் பாறைமேல் வெண்பனி படிந்திருக்கும், பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். மலைச்சாலையில் பனி விழலாம். பனியில் ஓட்டியறியாத நமக்கு ஜூன் வெயிலே மேல் என்பது என் கருத்து.

விசா, உரிமம், அனுமதிச்சீட்டு

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் விசா தேவையில்லை. எஸ்டா எனப்படும் மின்னனுமதியை அமெரிக்க அரசின் இணையத்தளத்தில் எடுத்தால் போதும். கூடுதல் பணம் கறக்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம். வீட்டில் யாராவது நிரந்தரவாசியாக இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்குச் சுற்றுலா விசா வேண்டும். நேர்காணலுக்குத் தேதி கிடைத்தபிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். என் மாமியாருக்காக நாங்கள் பயணத்தையே பல மாதம் தள்ளிவைத்தோம்.

நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் அதையே ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி ஒன்றை எடுத்துவைப்பது நல்லது. 3ஏ உரிமக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அங்கே வாடகைக் கார்கள் எல்லாம் தானியங்கி கியர்தான். 25 வயதுக்குக் கீழே என்றால் இளம் ஓட்டுநர் என்று நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் போடுவார்கள்.

இப்போது முக்கியமான செலவு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதிச்சீட்டு முன்பு எல்லோருக்கும் 80 அமெரிக்க வெள்ளி. 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு அது 250 வெள்ளி. சீட்டு இல்லாமல் போனால் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்தோடு 100 வெள்ளி கூடுதலாகக் கட்டவேண்டும். மூன்று பெரியவர்கள், மூன்று பூங்கா, கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 வெள்ளிச் சீட்டுதான் மலிவு. கிளம்புமுன் பூங்காச் சேவையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

அந்தச் சீட்டு மான்யுமென்ட் வேலியிலும், பேஜுக்குப் பக்கத்துப் பாறை இடுக்கான அன்டலோப் கேன்யனிலும் செல்லாது. அவை அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம். அவர்களுக்குத் தனி அரசு, தனிக் கட்டணம், தனிச் சட்டம். அங்கே மது விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஆட்களைப் படமெடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள்.

பூங்காவுக்கு உள்ளே இருக்கும் விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் வாசலை ஒட்டிய சிற்றூர்களில் தேடுங்கள். அங்கும் ஆறு மாதம் முன்பு.

காரை எடுத்த முதல் ஒரு மணி நேரம்

லாஸ் ஏஞ்சலிஸுக்கோ சான் ஃபிரான்சிஸ்கோவுக்கோ நேரடி விமானம், சுமார் 15 மணி நேரம். அங்கிருந்து லாஸ் வேகஸுக்கு உள்நாட்டு விமானம். இறங்கிய நாளில் கார் எடுக்கவே கூடாது. நம் உடம்பு அப்போது சிங்கப்பூரின் நள்ளிரவில் இருக்கும். டாக்சியில் விடுதிக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் போய்க் காரை எடுங்கள்.

நடுத்தர அளவு எஸ்யூவி போதும். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம், ஏனென்றால் ஒப்பந்தத்திலேயே மண்பாதையில் ஓட்டக்கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். காப்புறுதி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: காருக்கு ஆகும் சேதம், மற்றவருக்கு ஆகும் சேதம் இரண்டும் அடங்கியதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

அப்புறம், வலப்பக்கம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். மனத்தில் வைத்துக்கொள்ள ஒரே சூத்திரம்தான்: ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கவேண்டும். நம் ஊரிலும் அப்படித்தானே? நேர்ச்சாலையில் சிக்கலே இல்லை. ஆபத்து இரண்டு இடத்தில்: இடப்பக்கம் திரும்பும்போது, காலையில் ஆளில்லாத கார்நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போது. முதல் இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வரட்டும். எங்கள் காரில் அந்த வேலையை மகன் பார்த்தான், கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு.

சிக்னல் குச்சியும் வைப்பர் குச்சியும் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் காய்ந்த கண்ணாடியை வைப்பர் கரகரவென்று துடைக்கும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும், அதுவும் நல்லதுக்குத்தான்.

சிவப்பு விளக்கில் முழுதாக நிறுத்திவிட்டு, வழி இருந்தால் வலப்பக்கம் திரும்பலாம். கூடாது என்று பலகை இருந்தால் கூடாது. நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். வேகம் மைலில்: 65 என்றால் 105 கிலோமீட்டர். யூட்டாவில் சில நெடுஞ்சாலைகளில் 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் வரை போகலாம். நமக்கு 90தான் பழக்கம். வலத்தடத்தில் உங்கள் வேகத்தில் போங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இருட்டியபின் ஓட்டாதீர்கள். மான்கள் பொழுது சாயும் நேரத்தில் சாலைக்கு வரும், வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடுகளும் நிற்கும். தெருவிளக்கு என்ற ஒன்றே கிடையாது.

பெட்ரோல் போடுவது

சின்ன விஷயம்தான், ஆனால் முதல் தடவை பதினைந்து நிமிடம் விழித்தோம். அங்கே பணியாள் வரமாட்டார். பம்பில் அட்டையைச் செருகினால் அஞ்சல் குறியீட்டின் ஐந்து எண்ணைக் கேட்கும். நம் குறியீடு ஆறு எண். என் கணவர் முன்னால் ஒரு சைபரைச் சேர்த்தார், பின்னால் ஒன்றைக் குறைத்தார், அட்டையைத் திருப்பித் திருப்பிச் செருகினார். பின்னால் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, கடையைக் கைகாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் வழி: உள்ளே காசாளரிடம் போய் பம்ப் எண்ணைச் சொல்லி 40 வெள்ளி என்று அட்டையைக் கொடுங்கள். குறைவாகப் போட்டால் மீதி அட்டைக்குத் திரும்பிவிடும்.

பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், அதைத் தொடாதீர்கள். 87 என்று போட்டிருப்பதை எடுங்கள். அளவு கேலனில், ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர். பாதித் தொட்டி காலியானதும் நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கும் இதே கதிதான். மணிக்கணக்கில் இணைப்பு இருக்காது, ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்திருக்கவேண்டும். காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.

தண்ணீர், இரண்டு அர்த்தத்திலும்

நம் ஊரில் வேர்த்தால் சட்டை ஒட்டும். அங்கே ஒட்டாது, ஏனென்றால் வேர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவதே தெரியாது. திடீரென்று தலைவலி, எரிச்சல், பிள்ளைகள் காரணமில்லாமல் சண்டை போடுவார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்குப் பண்ணிக் காரில் ஏற்றுங்கள். வெறும் தண்ணீரும் போதாது, உப்பும் வேண்டும். முறுக்கும் மிக்சரும் நடைப்பாதைக்கு இவ்வளவு பொருத்தமான தீனி என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. இரண்டாம் நாளே உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். மாமியார் ஒரு சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் சிரித்தவர்கள் எல்லாம் மூன்றாம் நாள் கை நீட்டினோம்.

இன்னொரு தண்ணீர், திடீர் வெள்ளம். இந்தச் சொல்லை நாம் இங்கேயும் கேட்கிறோம். சாலையோரம் கணுக்கால் அளவு தேங்கி, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அங்கே அது வேறு. பாறைநிலம் மழையை உறிஞ்சாது, எல்லாம் வழிந்து குறுகிய இடுக்குகளில் இறங்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் அன்டலோப் கேன்யனில் 11 சுற்றுப்பயணிகள் இப்படி அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை, பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தது. ஆகவே தலைக்கு மேலே வானம் நீலமாக இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. பாறை இடுக்குக்குள்ளோ ஆற்றுக்குள்ளோ இறங்கும் நாளில், காலையில் பூங்காவின் வருகையாளர் மையத்தில் அன்றைய வெள்ள அபாய நிலையைக் கேளுங்கள். போகாதே என்றால் போகாதீர்கள். சாலையில் வெள்ளம் குறுக்கே ஓடினால் நின்று காத்திருங்கள், கடக்க முயலவேண்டாம்.

நாள் நாளாக

லாஸ் வேகஸிலிருந்து 15ஆம் நெடுஞ்சாலையில் வடகிழக்காகக் கிளம்புங்கள். யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். செயின்ட் ஜார்ஜ் ஊரில் பெரிய பேரங்காடிகள் உண்டு, தண்ணீர், பழம், அரிசி எல்லாம் அங்கே வாங்கிவிடுங்கள். அதற்குப்பின் விலை ஏறும், கடை குறையும். ஸ்பிரிங்டேல் இரண்டரை, மூன்று மணி நேரம்.

ஸயானில் நாம் பள்ளத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் போகமுடியாது. இலவசப் பேருந்துதான், நமக்குப் பழகிய விஷயம். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றோரமாக ஒரு சமதளப் பாதை, மாமியார் முழுதும் நடந்தார். அது முடியும் இடத்தில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கும் நேரோஸ் தொடங்குகிறது. முழங்கால் நீரில் அரை மணி நேரம் போய்விட்டுத் திரும்பினாலே போதும், இருபுறமும் பாறைச்சுவர் நெருங்கிவந்து வானம் ஒரு நாடாவாகிவிடும். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் சங்கிலி பிடித்து ஏறும் முகட்டுக்கு 2022இலிருந்து குலுக்கல்முறையில் அனுமதி. கிடைக்காவிட்டால் வருத்தம் வேண்டாம். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அது இடமே அல்ல.

காரை எடுத்த மூன்றாம் நாள் காலை கிழக்கு வாசல் வழியாக வெளியேறுங்கள். 1930இல் திறந்த சுரங்கச்சாலை ஒன்று, 1.8 கிலோமீட்டர், பாறைக்குள்ளேயே போகும். அது முடிந்ததும் பாறையின் நிறமே மாறிவிடும்.

பிரைஸ் சுமார் 135 கிலோமீட்டர். பெயரில் கேன்யன் இருந்தாலும் இது ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அல்ல. ஆண்டில் பாதி நாள் இரவில் பனி உறைந்து பகலில் உருகுகிறது. பாறை விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து, விரிந்து, உடைத்து வைத்த ஆயிரக்கணக்கான தூண்கள் அங்கே நிற்கின்றன. விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். நம் புக்கிட் தீமா 164 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும், முதல் நாள் மெதுவாக நடங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கு மாமியாரைக் கம்பளியில் சுற்றி விளிம்பிற்குக் கூட்டிப்போனோம். ஜூன் மாதம், ஆனாலும் ஐந்து டிகிரிதான் இருந்தது. பல் கிட்டியது. முதல் கதிர் பட்டதும் தூண்கள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பற்றிக்கொண்டன. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகனைப் பார்த்து, "ஏண்டா, கோபுரமா கட்டிட்டுச் சாமிய வைக்க மறந்துட்டாங்களா?" என்றார். அங்கே குவீன்ஸ் கார்டன், நவஹோ லூப் இரண்டையும் இணைத்து நடந்தால் நான்கரை கிலோமீட்டர் சுற்று. முழங்கால் ஒத்துழைத்தால் இறங்கிப் பாருங்கள். மேலிருந்து பார்ப்பது பாதிதான்.

பிரைஸிலிருந்து டோரிக்குப் போகும் யூட்டா 12ஆம் சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். 200 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில் எஸ்கலான்டேயைத் தாண்டி, போல்டர் ஊருக்குமுன் ஒரு முதுகெலும்பின்மேல் ஓட்டுவதுபோல் கொஞ்ச தூரம் வரும். இரண்டு பக்கமும் சரிவு, தடுப்புக் கம்பி இல்லை. பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பார்க்க ஆசையாக இருந்தால் ஒதுக்கிடத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு சாலை 2,900 மீட்டர் வரை ஏறும், ஆஸ்பென் மரங்கள் வரும், பாலைநிலத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

டோரிக்குப் பக்கத்தில் கேப்பிடல் ரீஃப். 1880களில் மார்மன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்காவே பராமரிக்கிறது. ஜூனில் செர்ரி பழுக்கும். தோட்டத்துக்குள் நின்று தின்றால் இலவசம், எடுத்துப்போனால் எடைக்குக் காசு. மகன் இலவசப் பிரிவில் ஒரு மணி நேரம் இருந்தான்.

அடுத்தது அந்த நீண்ட நாள். டோரியிலிருந்து மான்யுமென்ட் வேலி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஹேங்க்ஸ்வில் ஊரில் தொட்டியை நிரப்பியே ஆகவேண்டும், பிளாண்டிங் வரை 200 கிலோமீட்டருக்கு நம்பக்கூடிய பெட்ரோல் நிலையம் இல்லை. வழியில் கொலராடோ ஆற்றைக் கடக்கும் இடம் மட்டும் போதும் இந்த நாளுக்கு. குறுக்குவழி என்று கைப்பேசி 261ஆம் சாலையைக் காட்டலாம். அதில் மோக்கி டக்வே என்று ஒரு சரளைக் கொண்டை ஊசி இறக்கம் இருக்கிறது. வேண்டாம், பிளாண்டிங், பிளஃப் வழியே போங்கள்.

மான்யுமென்ட் வேலியில் 27 கிலோமீட்டர் மண்பாதை ஒன்று பாறைக் கோபுரங்களைச் சுற்றிவரும். வாடகைக் காரை அதில் விடாமல், நவஹோ வழிகாட்டியின் திறந்த வண்டியில் போங்கள். செம்புழுதி தலைமுடியில் ஒட்டும், துப்பட்டா ஒன்று உதவும்.

இங்கே ஒரு கடிகாரச் சிக்கல் இருக்கிறது. கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், அரிசோனா தள்ளாது, அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளும். 2019இல் நாங்கள் எதிர்த்திசையில் சுற்றினோம். பேஜிலிருந்து நிதானமாகக் கிளம்பி, மாலைச் சுற்றுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று பெருமையாக இறங்கினால், வண்டி போய் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. தவறு எங்களுடையதுதான், பணமும் போனது. பேஜில் கைப்பேசி யூட்டாக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக நேரம் மாறும். முன்பதிவு செய்யும்போதே எந்த நேரம் என்று கேட்டுவிட்டு, கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பேஜ் சுமார் 200 கிலோமீட்டர். அன்டலோப் கேன்யனுக்கு வழிகாட்டி இல்லாமல் போகமுடியாது, மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். மேல், கீழ் என்று இரண்டு. கீழ் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு. வயதானவர்கள் இருந்தால் மேல் கேன்யன், உள்ளே தரை சமமாக இருக்கும். இது ஒன்றுதான் நண்பகலில் பார்க்கவேண்டிய இடம், கோடையில் அப்போதுதான் ஒளிக்கற்றை உள்ளே இறங்கும். ஹார்ஸ்ஷூ பெண்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். போக, வர 2.4 கிலோமீட்டர், நிழலே இல்லை. 300 மீட்டர் கீழே ஆறு வளையும் இடத்தில் விளிம்பின் ஒரு பகுதிக்குத்தான் கம்பி. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

கிராண்ட் கேன்யனுக்குக் கேமரன் வழியாகக் கிழக்கு வாசலில் நுழையுங்கள். முதலில் வருவது டெசர்ட் வியூ, 1932இல் கட்டிய கல்கோபுரம். பள்ளம் 446 கிலோமீட்டர் நீளம், 1,600 மீட்டர் ஆழம். எண்களைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பிரைஸின் பாறை சுமார் 5 கோடி ஆண்டுப் பழமை. ஸயானின் சுவர்கள் 18 கோடி ஆண்டுக்கும் முந்தைய மணல்மேடுகள். இங்கே அடியில் இருப்பது 170 கோடி ஆண்டைத் தாண்டிய பாறை. ஒன்றன் அடி மற்றொன்றின் தலை, ராட்சத கூவே லாப்பிஸ் அடுக்குப் பலகாரத்தின் நடு அடுக்கு, மேலடுக்கு, கீழடுக்கு மூன்றையும் பார்த்துவிட்டோம்.

பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். இது மலையேற்றத்துக்கு நேர் எதிர்: சுலபமான பாதி முதலில், கஷ்டமான பாதி வெயில் ஏறியபிறகு. இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப நினைக்காதீர்கள்.

சோறு

சுங்கத்தில் இறைச்சி கலந்த எதையும் விடமாட்டார்கள், இறைச்சிச் சுவையூட்டிய உடனடி மீ உட்பட. பச்சைக் கறிவேப்பிலை ஓர் இலைகூடக் கூடாது. பொடி வகைகள், ஊறுகாய், புளிக்காய்ச்சல், முறுக்கு எல்லாம் கொண்டுபோகலாம். என்ன இருக்கிறது என்று மறைக்காமல் எழுதிக்கொடுங்கள்.

வீட்டுச் சோற்றுப்பானையைத் தூக்கிப்போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. நம் பானை அங்கே கால்பங்கு சூட்டில் வேலைசெய்யும், அரிசி ஊறும், வேகாது. செயின்ட் ஜார்ஜிலேயே சின்னப் பானை ஒன்று வாங்கிவிடலாம். விடுதியில் சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரைஸில் இன்னொரு பாடம்: அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சாம்பாருக்குத் துவரம்பருப்பைப் போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியும், "கல்லு மாதிரி கெடக்குடா" என்று மாமியார் கரண்டியில் எடுத்து என் கணவரிடம் காட்டினார். அங்கே பாசிப்பருப்பும் ரவையும்தான் கைகொடுக்கும்.

சைவக்காரர்களுக்குச் சிற்றூர்களில் மெக்சிகன் கடைதான் கதி. பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நவஹோ ஊர்களில் பொரித்த ரொட்டி கிடைக்கும், பெரிய சைஸ் பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டிறைச்சிச் சூப்போடு அபாரம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ்.

கடைசி நாள்

கிராண்ட் கேன்யனிலிருந்து லாஸ் வேகஸ் சுமார் 450 கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். வழியில் ஹூவர் அணையில் கால் நீட்டிக்கொள்ளலாம். காரைத் தொட்டி நிரப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் போடும் விலை வேறு. கால்மிதிகளை உதறிவிடுங்கள், அரைக் கிலோ செம்மண் விழும். அங்கே வாங்கிய சோற்றுப்பானையை ஊருக்குக் கொண்டுவர ஆசை வரும். வேண்டாம், 230 வோல்ட்டில் செருகிய நிமிடமே எரிந்துவிடும். நாங்கள் கழுவித் துடைத்து, அரிசி மிச்சத்தோடு, விடுதியில் அறை சுத்தம் செய்யும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.